அக்னிஹோத்திரத்தைப் பின்தொடர்ந்து ரிக் வேதத்திலிருந்து தர்ம சூத்திரம் வரை: புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேத காலத்துச் சமயம் எப்படிப் படிப்படியாகப் பிராமணச் சமய மரபாக உருக்கொண்டது என்பதை மூல நூல்களைக் கொண்டே அறிந்துகொள்வது என்று முடிவு செய்தபோது, பலரும் செய்யும் தவற்றையே நானும் செய்தேன். ரிக் வேதத்தின் முதல் மண்டலத்து முதல் பாடலில் தொடங்கி வரிசையாகப் படித்துக்கொண்டு போனேன். மொத்தம் 1,028 பாடல்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மந்திரங்கள். எட்டு மாதம் கழித்து நான்காம் மண்டலத்தின் நடுவில் நின்றபோது, இந்திரன் விருத்திரனைக் கொன்ற செய்தி மட்டும் நன்றாக மனத்தில் பதிந்திருந்தது. அங்கே சலித்துப்போய், வேள்விகளை விளக்கும் உரைநடை நூலாகிய சதபத பிராமணத்தைத் திறந்தேன். நோன்பு தொடங்குபவர் ஏன் தண்ணீரைத் தொட வேண்டும் என்ற விளக்கத்தோடு அது ஆரம்பித்தது. பத்துப் பக்கத்தில் மூடிவைத்தேன்.

இரண்டாம் முயற்சியில் ஆறு மாதத்தில், நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற அளவில், தேடியது கிடைத்தது. அந்த இரண்டாம் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. ஒரே ஒரு சடங்கைத் தேர்ந்துகொள்ளுங்கள்

நூலை வரிசையாகப் படிக்காமல், ஒரு சடங்கைப் பிடித்துக்கொண்டு அது எந்தெந்த நூலில் எப்படி வருகிறது என்று பின்தொடர்வதே இந்த வழியின் அடிப்படை. நான் தேர்ந்தது அக்னிஹோத்திரம். வேத வேள்விகளில் மிகச் சிறியது இது. அந்தியிலும் வைகறையிலும் கார்ஹபத்தியம் என்னும் வட்டமான தீக்குண்டத்தில் பாலைக் காய்ச்சி, ஆஹவனீயம் என்னும் சதுரத் தீக்குண்டத்தில் ஆகுதியாக ஊற்றுவார்கள். சோம வேள்வி ஒன்றுக்கு, வேள்வி நடத்தும் புரோகிதர்களாகிய ருத்விக்குகள் பதினாறு பேர் வேண்டும். இதற்கு வீட்டுத் தலைவரும் ஒரு கறவையும் இருந்தால் போதும்.

அசுவமேதத்தையோ ராஜசூயத்தையோ எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். அவை அரசனோடு கட்டுண்டவை. அரசன் இல்லாத இடத்தில் நின்றுபோகும். பிராமண மரபு எப்படி ஊர் ஊராகப் பரவியது, எப்படி வீட்டுக்குள் குடிபுகுந்தது என்பதைக் காட்ட, எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய சிறிய சடங்கே ஏற்றது.

இங்கே முதல் பொறி. இணையத்தில் இந்தப் பெயரைத் தேடினால், கவிழ்த்த பிரமிடு வடிவச் செப்புப் பாத்திரத்தில் பசுஞ்சாண வறட்டியும் நெய்யும் அரிசியும் இட்டு எரிக்கும் முறையே முதலில் வந்து நிற்கும். அது இருபதாம் நூற்றாண்டில் பரப்பப்பட்ட வடிவம். நான் அதைப் பழைய சடங்கின் கருவி என்று எண்ணி 1,200 ரூபாய்க்கு ஒன்றை வரவழைத்து, பிறகு பிராமண நூலில் அப்படியொரு பாத்திரத்தைத் தேடித் தேடி மூன்று வாரத்தை வீணாக்கினேன். இப்போது அதில் துளசி வளர்கிறது.

2. நூல்களைத் திரட்டுங்கள், பெரும்பாலும் செலவில்லை

நான்கு வேதங்களின் மந்திரத் தொகுப்புகளாகிய சம்ஹிதைகளுக்கு எம். ஆர். ஜம்புநாதன் செய்த தமிழாக்கம் உண்டு. பழைய நூலகங்களில் கிடைக்கும். அதற்கு அடுத்த அடுக்குகளுக்கு நான் ஆங்கில மொழிபெயர்ப்புகளையே நம்பினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மாக்ஸ் முல்லர் பதிப்பித்த கிழக்கின் புனித நூல்கள் வரிசையில் வேண்டியவை பெரும்பாலும் உள்ளன. காப்புரிமை முடிந்துவிட்டதால் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நீங்கள் எடுக்க வேண்டியவை இவை: சதபத பிராமணத்துக்கு ஜூலியஸ் எக்கெலிங் செய்த மொழிபெயர்ப்பில் 12, 44 ஆகிய தொகுதிகள், உபநிடதங்களுக்கு 1, 15, வீட்டுச் சடங்குகளின் விதிநூல்களாகிய கிருஹ்ய சூத்திரங்களுக்கு 29, 30, ஒழுக்க விதிநூல்களாகிய தர்ம சூத்திரங்களுக்கு 2, 14. ஐதரேய பிராமணத்துக்கு ஏ. பி. கீத் 1920இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு.

எக்கெலிங்கின் ஐந்து தொகுதிகளையும் இறக்கிக் கணினியை நிரப்பாதீர்கள். 12ஆம் தொகுதியில் முதல் இரண்டு காண்டங்களும், 44இல் பதினொன்று முதல் பதினான்கு வரையும் உள்ளன. நமக்குத் தேவை அவ்வளவே. பதினான்காம் காண்டத்தின் பிற்பகுதியாகிய பிருகதாரண்யக உபநிடதம் அந்தத் தொகுதியில் இருக்காது. அதே வரிசையின் 15ஆம் தொகுதியில் அது தனியாக இருப்பதால் எக்கெலிங் விட்டுவிட்டார். கோப்பில் பக்கங்கள் காணாமற்போய்விட்டன என்று எண்ணி நான் மூன்று முறை இறக்கிப் பார்த்தேன்.

ரிக் வேதத்துக்கு 2014இல் ஸ்டெபனி ஜேமிசனும் ஜோயல் பிரெரெடனும் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட மொழிபெயர்ப்பே இன்று நம்பத்தக்கது. விலை கையைச் சுடும், வாங்க வேண்டாம். சென்னையில் இருப்பவர்கள் அடையாறு நூலகத்திலோ மயிலாப்பூர் குப்புசாமி சாஸ்திரி ஆய்வு நிறுவனத்திலோ கேட்டுப்பாருங்கள். புகைப்பட அடையாள அட்டை எடுத்துச் செல்லுங்கள். வேலை நேரத்தை முன்னதாகத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். சொற்களைத் தேட, கொலோன் பல்கலைக்கழகம் இணையத்தில் இட்டிருக்கும் மோனியர் வில்லியம்ஸ் அகராதி இலவசம்.

எனக்கான மொத்தச் செலவு 240 பக்கம் அச்செடுத்ததற்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 480 ரூபாய். திரையில் படித்தால் அதுவும் இல்லை. ஆனால் ஓரத்தில் எழுத இடமில்லாமல் இந்த நூல்களைப் படிக்க என்னால் முடியவில்லை.

3. எழுத்துக்கும் எண்முறைக்கும் மூன்று வாரம்

வடமொழி தெரிய வேண்டியதில்லை. தேவநாகரி எழுத்து மட்டும் தெரிந்தால் நல்லது. மூன்று வாரத்தில் வந்துவிடும். தமிழ் எழுத்தில் மட்டும் படிப்பவருக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. சடங்கின் சொல்லாற்றலைக் குறிக்கும் பிரம்மம், வேள்வியை மேற்பார்க்கும் பிரம்மா என்னும் ருத்விக், படைப்புக் கடவுளாகிய பிரம்மா, உரைநடை நூலாகிய பிராமணம், வருணத்தாராகிய பிராமணர் ஆகிய ஐந்தும் நம் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ரிக் பாடல்களில் இந்தச் சொல் பெரும்பாலும் புலவன் இயற்றிய மந்திரத்தையும் அதை இயற்றியவனையும் குறிக்கும். பிறப்பால் அமைந்த குழுவைக் குறிக்கும் வழக்கு பிறகு வலுப்பெறுகிறது. ஒவ்வொரு முறையும் ஐந்தில் எது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்முறையையும் பழகிக்கொள்ளுங்கள். சதபத பிராமணம் 2.3.1.5 என்றால் இரண்டாம் காண்டம், மூன்றாம் அத்தியாயம், முதல் பிராமணம், ஐந்தாம் கண்டிகை. இது மாத்தியந்தின சாகையின் எண்; சாகை என்பது வேதத்தை ஓதிக் காத்துவந்த மரபுக் கிளை. கண்வ சாகையில் அதே நூல் பதினான்கு காண்டத்துக்குப் பதிலாகப் பதினேழு காண்டமாகப் பிரிகிறது, எண்கள் பொருந்தா. எந்தக் கட்டுரையில் எண்ணைக் கண்டாலும் எந்தச் சாகை என்று முதலில் பாருங்கள்.

கடைசியாக ஒரு குறிப்பேடு. பக்கத்தை நான்கு பத்தியாகப் பிரியுங்கள்: நூல் எண், எது ஊற்றப்படுகிறது, எந்தத் தீயில், என்ன காரணம் சொல்லப்படுகிறது. மாற்றம் முழுவதும் நான்காம் பத்தியில்தான் தெரியவரும்.

4. ரிக் வேதத்தில் மூன்று வாரத்துக்கு மேல் வேண்டாம்

அக்னிஹோத்திரம் என்ற சடங்கு ரிக் பாடல்களில் அந்தப் பெயரோடு வருவதில்லை. எனவே தேட வேண்டியது பின்னணியை மட்டுமே. முதல் மண்டலத்து முதல் பாடலின் ஏழாம் மந்திரத்தைப் படியுங்கள்: இரவில் ஒளிர்பவனே, நாள்தோறும் வணக்கம் ஏந்தி உன்னை அணுகுகிறோம் என்று அக்னியிடம் புலவன் பேசுகிறான். இதே மந்திரம் பிறகு சுக்கில யஜுர் வேதத்தில் 3.22 என்ற எண்ணில், மாலைத் தீயின் முன் நின்று சொல்லும் மந்திரமாக எடுத்தாளப்படுகிறது. புலவனின் பாட்டு சடங்கின் உறுப்பாக மாறும் முறையை நீங்கள் முதன்முதலாகக் காணும் இடம் இது. குறிப்பேட்டின் முதல் பக்கத்தை இதற்குக் கொடுங்கள்.

பிறகு இரண்டு முதல் ஏழு வரையிலான மண்டலங்களின் தொடக்கத்தில் உள்ள அக்னி பாடல்களில் மண்டலத்துக்கு இரண்டு என்று படித்தால் போதும். இவை கிருத்சமதர், விசுவாமித்திரர், வாமதேவர், அத்திரி, பரத்துவாசர், வசிட்டர் ஆகிய குலங்களின் தொகுப்புகள். ஒவ்வொரு குலமும் தன் பாட்டைத் தானே வைத்துக்கொண்டு ஒரு தலைவனிடம் பரிசில் பெற்றதை அங்கே காணலாம். பத்தாம் மண்டலத்தின் 90ஆம் பாடலாகிய புருஷ சூக்தத்தைக் கடைசியில் படியுங்கள். நான்கு வருணங்களின் பெயர்களும் ஒருசேர வருவது ரிக் வேதம் முழுவதிலும் அங்கே மட்டுமே. அதை வைத்துக்கொண்டு ரிக் கால வாழ்வு முழுவதையும் விளக்க முற்படுவது அடுத்த பொறி.

கால வரிசை பற்றிய சண்டைகளுக்குள் இந்தக் கட்டத்தில் போகாதீர்கள். ரிக் பாடல்கள் கி.மு. 1500க்கும் 1000க்கும் இடைப்பட்டவை, பிராமண நூல்கள் அதற்குப் பிந்திய சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை, தர்ம சூத்திரங்கள் கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டித் தொடங்குபவை என்று ஆய்வாளர் பலர் கொள்ளும் உத்தேசக் கணக்கு, வாசிப்பதற்குப் போதுமானது.

5. பிராமண நூல்களில் இரண்டு மாதம் தங்குங்கள்

ஆறு மாதத்தில் மிகுந்த நேரத்தை இங்கே செலவிடுங்கள். எல்லோரும் தாண்டிக் குதித்து உபநிடதத்துக்கு ஓடும் இடமும் இதுவே.

முதலில் சதபதம் 2.2.4. பிரஜாபதி அக்னியைப் படைக்கிறார். படைக்கப்பட்டவன் வாயைத் திறந்துகொண்டு படைத்தவர் பக்கமே திரும்புகிறான். உண்ணக் கொடுக்க உலகில் வேறொன்றும் இல்லை. அஞ்சிய பிரஜாபதி உள்ளங்கைகளைத் தேய்க்கிறார். அதில் வந்ததை ஊற்றித் தப்புகிறார். உள்ளங்கையில் மயிர் இல்லாததற்கும் அதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. சிரித்துவிட்டுக் கடந்துவிடாமல் நான்காம் பத்தியை நிரப்புங்கள்: ஆகுதி இங்கே தேவனுக்குத் தரும் விருந்தாக இல்லை, ஊற்றுபவனின் உயிர்க்காப்பாக இருக்கிறது.

அடுத்து 2.3.1. அக்னிஹோத்திரம் கதிரவனே என்று தொடங்கி, காலை ஆகுதியை ஊற்றாவிட்டால் கதிரவன் எழமாட்டான் என்று ஐந்தாம் கண்டிகை சொல்கிறது. ரிக் புலவன் விடியல் தெய்வமாகிய உஷஸை வருக என்று பாடினான். இங்கே சடங்கே விடியலை உண்டாக்குகிறது. சடங்கு அறிந்தவரின் இடம் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்பதற்கு 2.2.2.6ஐச் சேர்த்துப் படியுங்கள். தேவர்கள் இருவகை, வேதம் ஓதி ஓதுவிக்கும் பிராமணர்கள் மனிதத் தேவர்கள் என்றும், முன்னவர்க்கு ஆகுதி, பின்னவர்க்குத் தட்சிணை என்றும் அந்த இடம் சொல்கிறது. இதை எழுதியவர்கள் தட்சிணை பெறுபவர்கள் என்பதை மறந்துவிடாமலும், அதை மட்டுமே நினைத்துக்கொண்டிராமலும் படிக்க வேண்டும். இரண்டில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மீதி நூல் கண்ணில் படாது.

மூன்றாவதாக ஐதரேய பிராமணத்தின் ஐந்தாம் பஞ்சிகையின் கடைசிப் பகுதிகள். அங்கே கதிரவன் எழுந்த பிறகே ஊற்ற வேண்டும் என்று வாதாடுகிறார்கள். சதபதமோ எழுவதற்கு முன் என்கிறது. இந்த முரண்பாட்டைக் கண்டு நான் ஏதோ மொழிபெயர்ப்புப் பிழை என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு சாகையும் தன் வழக்கைத் தான் காத்துக்கொண்டது; பிற்கால மனு தரும நூலும் இரண்டையும் ஏற்கிறது. வேதம் சொல்கிறது என்று எவராவது ஒருமையில் தொடங்கினால், எந்தச் சாகை என்று கேட்கும் பழக்கம் எனக்கு இங்கிருந்து வந்தது.

நான்காவது, 44ஆம் தொகுதியில் 11.3.1. விதேகத்து ஜனகன் யாக்ஞவல்கியரிடம், அக்னிஹோத்திரம் எது தெரியுமா என்று கேட்கிறான். பால் என்கிறார். பால் இல்லையென்றால்? நெல்லும் யவமும் (பார்லி). அவை இல்லையென்றால்? வேறு செடிகள். அதுவும் இல்லையென்றால் காட்டுச் செடிகள், பிறகு மரத்தின் விளைவு, பிறகு தண்ணீர். தண்ணீரும் இல்லாதபோது? அப்போதும் ஆகுதி உண்டு, சிரத்தையில் சத்தியத்தை ஊற்றுவது என்கிறார். ஜனகன் நூறு பசு கொடுக்கிறான். இந்த ஒரு பக்கத்தை மூன்று நாள் படித்தாலும் தகும். பொருள்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, சடங்கு வெறும் அறிவாகவும் மன உறுதியாகவும் நிற்கத் தொடங்கும் இடம் இது. உபநிடதத்தின் வாசல் இங்கேயே திறந்துவிட்டது.

கடைசியாக இடம்பெயர்வுக்கு 1.4.1. சரஸ்வதிக் கரையிலிருந்து விதேக மாதவன் என்னும் அரசன் அக்னியை வாயில் சுமந்திருக்க, புரோகிதர் கோதம ராகூகணர் நெய்யைக் குறிக்கும் மந்திரத்தைச் சொன்னதும் அக்னி வெளியே பாய்ந்து கிழக்கு நோக்கி எரித்துக்கொண்டே போகிறான். சதாநீரை ஆற்றில் நிற்கிறான். முன்னாளில் பிராமணர்கள் அந்த ஆற்றைக் கடக்கவில்லை, இப்போது அதற்குக் கிழக்கே பலர் இருக்கிறார்கள் என்கிறது நூல். கையில் ஒரு வட இந்திய வரைபடம் வைத்துக்கொண்டு படியுங்கள். சதாநீரையைக் கண்டகி ஆறு என்று பலர் கருதுகின்றனர்.

இந்த இரண்டு மாதத்தில் உச்சரிப்பை வைத்துச் சொல்லும் வாதங்கள் புரியாமல் தடுக்கும். 1.6.3இல் இந்திரசத்ரு என்ற சொல்லின் சுரம் மாறியதால், இந்திரனைக் கொல்பவன் என்பது இந்திரனால் கொல்லப்படுபவன் என்று ஆகிவிட்ட கதை உண்டு. மொழிபெயர்ப்பில் இவற்றின் சுவை பாதி போய்விடும். கவலைப்படாமல் கடந்து செல்லுங்கள்.

6. உபநிடதத்துக்கு நான்கு வாரம், மூன்று இடங்கள்

முழு நூலையும் எடுக்காதீர்கள். முதலில் கௌஷீதகி உபநிடதம் 2.5. ஒருவன் பேசிக்கொண்டிருக்கும்போது மூச்சு விட இயலாது, அப்போது மூச்சைப் பேச்சில் ஊற்றுகிறான்; மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது பேச இயலாது, அப்போது பேச்சை மூச்சில் ஊற்றுகிறான்; விழிப்பிலும் உறக்கத்திலும் இடைவிடாத இந்த ஆகுதியை அறிந்த முன்னோர் அக்னிஹோத்திரம் செய்யவில்லை என்று அது முடிகிறது. அடுத்து சாந்தோக்கியம் 5.19 முதல் 5.24 வரை. உண்ணும் முதற்சோறே ஆகுதி. பிராணன், வியானன், அபானன், சமானன், உதானன் ஆகிய ஐந்துக்கும் சுவாஹா. இதை அறியாமல் அக்னிஹோத்திரம் செய்வது தணலை விலக்கிச் சாம்பலில் ஊற்றுவது போன்றது என்கிறது. தமிழ்நாட்டுப் பிராமண வீடுகளில் சாப்பாட்டுக்கு முன் பரிசேஷணம் செய்யும் பெரியவர் "ப்ராணாய ஸ்வாஹா" என்று சொல்லி ஒரு பருக்கையை வாயிலிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் வேர் இங்கே.

மூன்றாவது, பிருகதாரண்யகம் 6.2. உத்தாலக ஆருணி என்னும் பிராமணர் பிரவாகண ஜைவலி என்னும் அரசனிடம் மாணவராகச் சென்று மறுபிறப்பு பற்றிய ஐந்தீ வித்தையைக் கற்கிறார். இந்த அறிவு இதற்கு முன் எந்தப் பிராமணரிடமும் தங்கியதில்லை என்று அரசன் சொல்வதைப் பிராமணர்களே தம் நூலில் காத்து வைத்திருக்கிறார்கள். புறத்தேயிருந்து வந்த கருத்தை ஏற்றுத் தனதாக்கிக்கொண்டதன் தடமாக இதைப் படிப்பவர்களும் உண்டு. எனக்கும் அந்தப் பக்கமே மனம் செல்கிறது.

7. சூத்திரங்களுக்கு ஆறு வாரம்

இங்கே நடை திடீரென்று சுருங்கும். கதை இல்லை, காரணமும் அரிது. குறிப்பேட்டின் நான்காம் பத்தி பல நாள் வெறுமையாகவே இருக்கும். அந்த வெறுமையே கண்டுபிடிப்பு. விதி நிலைத்துவிட்டால் காரணம் சொல்லத் தேவையில்லை.

29ஆம் தொகுதியில் ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரம் 1.9ஐ முதலில் படியுங்கள். திருமணத்தில் கைப்பற்றிய நாள்முதல் வீட்டுத் தீயைத் தானோ, மனைவியோ, மகனோ, மகளோ, மாணவனோ பேண வேண்டும் என்று அது சொல்கிறது. கார்ஹபத்தியம், ஆஹவனீயம், தட்சிணாக்னி என்ற வேள்வியின் மூன்று தீ ஒன்றாகச் சுருங்கிவிட்டது. பாலுக்குப் பதில் அரிசியோ யவமோ போதும். ஜனகனிடம் மாற்றாகச் சொல்லப்பட்டது இங்கே வழக்கமாகிவிட்டது.

2ஆம் தொகுதியில் ஆபஸ்தம்ப தர்ம சூத்திரத்தின் முதல் பக்கங்களில் உபநயன வயது வரும்: பிராமணனுக்கு எட்டு, ராஜன்யனுக்கு (க்ஷத்திரியனுக்கு) பதினொன்று, வைசியனுக்குப் பன்னிரண்டு. காயத்திரி, திரிஷ்டுப், ஜகதி ஆகிய யாப்புகளின் அடிக்கு எத்தனை அசையோ அத்தனை வயது. பிறகு 2.9.21இல் நான்கு ஆசிரமங்கள். இவை வாழ்நாளில் ஒன்றன்பின் ஒன்றாக ஏற வேண்டிய படிகள் என்று நமக்குப் பள்ளியில் சொன்னார்கள்; இந்த நூலில் அவை படிப்பு முடித்தவன் தேர்ந்துகொள்ளும் வழிகள். முன்முடிவோடு படித்தால் இது கண்ணில் படாது.

அதே தொகுதியில் கௌதமரின் பன்னிரண்டாம் அதிகாரத்தைத் தவிர்க்காதீர்கள். வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் உருக்கிய வெள்ளீயமும் அரக்கும் ஊற்ற வேண்டும் என்று நான்காம் சூத்திரம் விதிக்கிறது. அறிவைச் சடங்கின் உச்சியில் வைத்த மரபு, அந்த அறிவின் வாசலை எப்படிச் சாத்தியது என்பதும் இந்த வளர்ச்சியின் பகுதி. இதை மறைத்து எழுதும் அறிமுக நூல்களை நம்பிப் பணம் செலவிடாதீர்கள்.

14ஆம் தொகுதியில் போதாயனம் 1.1.2 நமக்கு நெருக்கமானது. தெற்கே ஐந்து வழக்கம், வடக்கே ஐந்து வழக்கம் என்று பட்டியல் தருகிறது: மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது, பழையது உண்பது, மனைவியோடு சேர்ந்து உண்பது தெற்கே, கம்பளி விற்பது, கடல் செல்வது வடக்கே. ஓரிடத்து வழக்கை மற்றோரிடத்தில் செய்வது குற்றம் என்று ஒரு கருத்தையும், அதை ஏற்காத கௌதமரின் கருத்தையும் அடுத்தடுத்து வைக்கிறது. பிறகு இரண்டாம் பிரச்னத்தின் பத்தாம் அத்தியாயத்தில் துறவு பூணுபவர் தீயைத் தன்னுள் ஏற்றிக்கொள்வதைப் படித்து, கௌஷீதகிக் குறிப்போடு அருகருகே வைத்துப் பாருங்கள்.

புறநானூற்றின் இரண்டாம் பாடலையும் இந்த வாரத்திலேயே எடுங்கள். அந்தியில் அந்தணர் அருங்கடன் இறுக்கும் முத்தீயின் ஒளியில் இமயத்து மான்பிணை துயில்கிறது. பிராமணன் கடன்களோடு பிறக்கிறான் என்று தைத்திரீய சம்ஹிதை 6.3.10.5 சொல்வதைப் படித்த பிறகு, அந்தக் "கடன்" வேறு எடையோடு காதில் விழும்.

8. நேரில் பார்க்க விரும்பினால்

மூன்று தீ வளர்த்து நாள்தோறும் அக்னிஹோத்திரம் செய்யும் ஆஹிதாக்னிகள் தென்னிந்தியாவில் இன்றும் சிலர் இருக்கிறார்கள். இது கோயில் விழா அன்று, ஒருவர் வீட்டின் அன்றாடக் கடமை. தெரிந்தவர் வழியாக முன்னதாக அனுமதி கேளுங்கள். யாரை உள்ளே விடுவது, எதுவரை விடுவது என்பதில் அவர்களுக்குத் தனி விதிகள் உண்டு, மறுக்கவும் கூடும். பணம் கேட்க மாட்டார்கள். என்ன எடுத்துவரலாம் என்று கேட்டுவிட்டுச் செல்வது முறை. மாலைச் சடங்கையே தேர்ந்துகொள்ளுங்கள். அந்தி சாய்வதற்கு அரை மணி முன்னதாக அங்கே இருக்க வேண்டும், ஏனெனில் பால் கறப்பதிலிருந்தே சடங்கு தொடங்கிவிடுகிறது. தாமதித்து வந்தால் ஆகுதியை மட்டும் பார்ப்பீர்கள், அது சில நிமிடம்தான். படமெடுக்காதீர்கள். வீடு திரும்பியதும் அன்றிரவே குறிப்பேட்டில் முதல் மூன்று பத்திகளை எழுதிவிட்டு, நான்காம் பத்திக்கு என்ன எழுதுவது என்பதை அந்த வீட்டுப் பெரியவரிடமே மறுமுறை கேட்டு எழுதுங்கள்.